ஒரு டப்பா மலை

நம்பிராஜன் எங்கள் அறைக்குக் குடிவந்தபோது ஒரு தோள்பை, ஒரு தலையணை, ஒரு மலை ஆகியவற்றோடு வந்தான். மலை ஊறுகாய் டப்பாவுக்குள் இருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பென்னலூரில் டில்லிபாபு வீட்டு மாடியில் நானும் பகலவனும் ஏற்கெனவே வாடகைக்கு இருந்தோம். நம்பிராஜன் மூன்றாவது ஆள். மூவருக்கும் ஒரே கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. வந்த அன்றே ஜன்னல் திட்டில் டப்பாவை வைத்து ஊதுபத்தி ஏற்றினான். என்னடா இது என்றதற்கு, மருந்துவாழ்மலை மண் என்றான். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கடலோரமாக நிற்கிற மலை. அதன் அடிவாரத்தில் அவன் வீடு. லட்சுமணன் மூர்ச்சையாகிக் கிடந்தபோது, மூலிகை எதுவென்று தெரியாமல் அனுமார் மலையையே பெயர்த்துத் தூக்கிக்கொண்டு பறந்தாரில்லையா, அதிலிருந்து கீழே விழுந்த துண்டுதான் அவனுடைய மலையாம்.

பார்ட் நம்பர் தெரியாமல் மொத்த லோடையும் தூக்கி வருகிறவர் நம் ஸ்டோர்ஸ் ஆள் மாதிரி இருக்கிறாரே, வழியில் வேறு சிந்தியிருக்கிறாரே என்றான் பகலவன். நம்பிராஜன்தான் எங்களைவிட அதிகமாகச் சிரித்தான்.

பூகோளப் பாடம் சாப்பாட்டுத் தட்டில் நடக்கும். குவித்த சோறு மலை, சுற்றிலும் குழம்பு கடல். மேற்குத் தொடர்ச்சி மலை அத்தனை தூரம் நடந்து வந்து, கடலைப் பார்த்ததும் கால் நனைக்கக் கூச்சப்பட்டு நின்றுவிட்ட இடம் அது என்பான். உச்சியில் நின்றால் கீழே தென்னந்தோப்பு, காற்றாலைகள், அப்புறம் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். பாறைகளுக்குள் சித்தர்கள் இருந்த குகைகள். இடுக்குகளில் உடும்பு, விடிந்தால் மயில். குரங்குகள் நம் கையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலைப் பறித்து, மூடியைத் திருகித் திறந்து குடிக்குமாம். காலையில் எழுந்ததும் மூலிகை தின்பதால் அவற்றுக்கு நோயே வராதாம்.

"எங்க மலைக் குரங்குக்குச் சளி பிடிச்சு நீ பாத்திருக்கியா மக்கா?" என்று என்னிடம் கேட்பான்.

எந்த மலைக் குரங்கும் மூக்குச் சிந்தி நான் பார்த்ததில்லை. எனவே ஒப்புக்கொள்வேன்.

மருந்து மலையின் அடிவாரத்தில் பிறந்தவன் காய்ச்சலில் செத்துப்போனான். இதில் ஒரு ஜோக் இருக்கிறது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரை போட்டான், டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசினான், போர்த்திப் படுத்தான். நாங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது ரொம்பத் தாமதம் என்றார்கள். உடம்பு ஆம்புலன்ஸில் ஊருக்குப் போனது. கூடப் போனது காண்ட்ராக்டரின் ஆள். எங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. லைனில் ஏற்கெனவே ஒரு ஆள் குறைகிறது என்றார் சூப்பர்வைசர். குறைகிற ஆள் யார் என்பது அவருக்கு நினைவில்லை.

ஊரில் பதினாறாம் நாள் காரியம் நடந்தபோது, நாங்களும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. எங்களிடம் உடம்பும் இல்லை, சாம்பலும் இல்லை. ஜன்னல் திட்டில் டப்பா இருந்தது. யோசனை என்னுடையது. ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குப் போனோம். முழங்கால் தண்ணீரில் நின்று, அஸ்தி கரைப்பது போல அந்த மண்ணைக் கரைத்தோம். மந்திரம் தெரியாததால் பகலவன் அவன் பெயரை மூன்று முறை சொன்னான். டப்பாவை மட்டும் கழுவி எடுத்துக்கொண்டு வந்தோம். பெரிய கடமை முடிந்தது என்று ஆளுக்கு இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டோம்.

அதற்கப்புறம்தான் அவன் அம்மா முப்பிடாதி போன் செய்தார். துணிமணிகளை நீங்களே உடுத்துங்கள், அந்த மண்ணை மட்டும் யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

அவர்கள் குடும்பத்தில் பிழைப்புக்கு வெளியூர் போகிறவர்கள் மலையடியில் பிடிமண் எடுத்துப் போவார்களாம். திரும்பி வரும்போது அதை எடுத்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும். மலையே ஒருத்தர் கை தவறி விழுந்த துண்டு. அதிலும் ஒரு பிடியைக் குறைத்தவன் திருப்பி வைக்காவிட்டால் மலை அவனை ஏறவிடாது. அங்கே செத்தவர்கள் மலையேறித்தான் போகிறார்கள், குகைகளில் காற்றாட உட்காருவதற்கு.

"உடம்பு வந்துட்டு மக்களே," என்றார். "அவன் இன்னும் வரல."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றான் பகலவன். நான் அவனைவிடக் கெட்டிக்காரன். ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்பக்கம் போனேன்.

டில்லிபாபு எட்டிப் பார்த்தார். "இன்னா சக்தி, மண்ண நோண்டிகினு கீற? எனக்குச் சொல்லாம பில்லர் எழுப்பப் போறியா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பெத்தவகிட்ட டூப்பு வுடாதபா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கம்பெனியில் என் வேலை குவாலிட்டி செக்கிங். அந்த அனுபவத்தையெல்லாம் இதில் காட்டினேன். டீ வடிகட்டியில் மண்ணைச் சலித்து டப்பாவை நிரப்பி, அசலாகத் தெரியட்டும் என்று கொஞ்சம் ஊதுபத்திச் சாம்பலும் தூவினேன். எந்த ஆடிட்டிலும் பாஸாகிவிடும் என்று நினைத்தேன்.

முப்பிடாதியம்மா நாகர்கோவில் பஸ்ஸில் வந்து மறைமலை நகரில் இறங்கினார். டில்லிபாபுதான் தன் ஆட்டோவில் போய் அழைத்து வந்தார். சின்ன உருவம். எங்களுக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம் கொண்டுவந்திருந்தார். அவன் படுத்த இடம் எது என்று கேட்டு அங்கே உட்கார்ந்தார். டப்பாவைக் கையில் கொடுத்தேன். மூடியைத் திறந்தார். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் போட்டுக் கட்டைவிரலால் தேய்த்தார். உள்ளங்கை சிவந்தது.

"எங்க மலை மண்ணு கையில ஒட்டாது," என்றார். "கடக்காத்துல கெடந்த மண்ணு. பொடிக்கல்லா உதிரும். இது எங்க உள்ள மண்ணு மக்களே?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பகலவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: ஏரி, முழங்கால் தண்ணீர், கரண்டி, டீ வடிகட்டி. பரோட்டாவைக்கூடச் சொல்லிவிட்டேன்.

"பேரச் சொன்னேளா?" என்று மட்டும் கேட்டார்.

"சொன்னோம்மா. மூணு தடவ."

அதுவரை அழாதவர் அப்போதுதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஏரியைப் பார்க்க வேண்டும் என்றார். டில்லிபாபு ஆட்டோவை எடுத்தார். சித்திரை வெயிலில் ஏரி உள்வாங்கிக் கிடந்தது. நாங்கள் நின்ற இடம் சேறாகிக் காயத் தொடங்கியிருந்தது. அவர் தண்ணீர் வரைக்கும் நடந்து போய்க் குனிந்து அதில் கையை வைத்தார், காய்ச்சல் பார்ப்பது போல. பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"இந்தத் தண்ணி கடலுக்குப் போவுமா?"

போகும் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். டில்லிபாபு முந்திக்கொண்டார்.

"ரொம்பினா போவும்மா. கலங்கல் வழிஞ்சா செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போவும். அதுவும் ரொம்பி ஷட்டரத் தொறந்தாங்கன்னா அடையாறு, அப்பால கடலு."

"ரொம்பலன்னா?"

"இங்கயேதாம்மா."

முப்பிடாதியம்மா ஏரிக்கரையின் கடைசியைக் கண்ணால் தேடினார். கலங்கல் என்கிற அந்தக் கல் அணை அங்கேதான் இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தார்.

"கடலுக்கு வந்துட்டா போதும்," என்றார். "பொறவு எங்க காத்து பாத்துக்கிடும்." என் பக்கம் திரும்பி, "மழைக்கு நீ பாத்துச் சொல்லு மக்களே," என்றார்.

பகலவன் இருந்தான், டில்லிபாபு இருந்தார். டப்பாவில் பொய்யை நிரப்பியவனை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசி பிறந்ததும் அவர் போன்கள் வர ஆரம்பித்தன. அவர்கள் ஊர் மழையை முதலில் சொல்வார். மலையின் தலை மேகத்துக்குள் போய்விட்டது, மயில்கள் இறகைக் கூட்டிக்கொண்டு பாறைக்கடியில் நிற்கின்றன, குரங்குகள் குட்டியோடு இறங்கி வந்து வீட்டு ஓட்டின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. பிறகு எங்கள் ஏரியைக் கேட்பார். நான் தினமும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டேன். பூகோளத்தில் எப்போதும் பெயிலானவன், எந்த ஓடை எங்கே சேர்கிறது என்று லைனில் எல்லாருக்கும் பாடம் எடுத்தேன்.

கார்த்திகையில் ஒரு புயல் வந்தது. ஒரகடம் சாலையில் இடுப்பளவு தண்ணீர். கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. கம்பெனிக்கு லீவு விட்டார்கள். ஊரே புலம்பியது. நான் ஒருத்தன்தான் இன்னும் பெய் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். விடிந்ததும் ஏரிக்கு ஓடினேன். தண்ணீர் கலங்கலுக்கு ஒரு சாண் கீழே நின்றது. அதன் விளிம்பிலேயே நனைந்துகொண்டு நின்றேன். பத்து மணிக்கு மழை விட்டது. மதியம் வெயில் அடித்தது. அதற்கப்புறம் அந்த வருஷம் மழையே இல்லை.

அன்று அறைக்குத் திரும்பி வாசலில் நிற்கும்போதே போன் வந்தது.

"புயல்னு நியூஸ்ல சொன்னானே. கலங்கல் வழிஞ்சுதா மக்களே?"

ஆமாம் என்று சொல்ல இந்தத் தடவை மண்ணும் வேண்டியதில்லை, வடிகட்டியும் வேண்டியதில்லை. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஒரு வார்த்தையில் அவன் கடலுக்குப் போய், கரையேறி, மலையேறிவிடுவான்.

"இல்லம்மா," என்றேன். "ஒரு சாண் கம்மி."

அந்தப் பக்கம் அவர்கள் ஊர்க் காற்று கேட்டது.

"செரி. வார வருஷம் பாப்போம்," என்றார். "நீ நனஞ்சியோ?"

"ஆமாம்மா."

"தலையத் துவட்டு."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு துவட்டினேன். முடிக்கிறவரை அவர் வைக்கவில்லை.