ஜொம்ரே கழற்றிய தோல்

மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, கொரியாவின் தொங்யோங் துறைமுகத்துப் பொதுக் குளியல் கூடத்தில், ஜொம்ரேயின் இரண்டு கைத்தோலும் தோளிலிருந்து விரல்நுனி வரை முழுசாகக் கழன்று வந்தது. ரத்தம் வரவில்லை. வலிக்கவும் இல்லை என்று அவளே பிறகு சொன்னாள். அங்கே அழுக்குத் தேய்த்துவிடும் போங்ஜா அந்தத் தோலைத் தண்ணீரில் அலசி, ஈரத் துண்டுகள் தொங்கும் கொக்கியில் மாட்டிவிட்டு, அடுத்தது யார் என்று கேட்டாள்.

ஜொம்ரே சிப்பிக் கொட்டகையில் வேலை செய்தவள். ஆண்டில் பாதி, பனிக்காற்று வாசலில் நிற்கும் மாதங்களெல்லாம், உப்புத்தண்ணீரில் கைவிட்டுச் சிப்பியைப் பிளந்து சதையை எடுத்துப் போடுவதுதான் அவள் பிழைப்பு. ஐம்பது வயதுக்குள் அவள் கைத்தோல் கசக்கிப் பிரித்த மெல்லிய காகிதம் போல ஆகிவிட்டது. கையைத் தூக்கினால் முழங்கைக்குக் கீழே சுருக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து இறங்கும். அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தாள், வெள்ளரிக்காய் அரைத்துப் பூசினாள், நத்தைக் களிம்பு வாங்கித் தடவினாள். தோல் எல்லாவற்றையும் குடித்துவிட்டு அப்படியே இருந்தது. அவளுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததில்லை. அவள் கணவன் மான்சிக்குக்குக் கண் தெரியாது. கண் தெரியாதவர்களுக்கென்று அரசாங்கம் ஒதுக்கியிருக்கும் மசாஜ் தொழிலில் ஊரிலேயே பேர்போனவன் அவன். ஒரு முதுகைத் தொட்டாலே ஆள் யார், எந்தப் படகில் போகிறவன், எந்தக் கால் தாங்கி நடக்கிறவன் என்று சொல்லுவான். பெண் பார்க்க வந்த அன்று ஜொம்ரேயின் கையைப் பிடித்துப் பார்த்துத்தான் சம்மதம் சொன்னான். அதன் பிறகு அந்தக் கையில் விழுந்த ஒவ்வொரு சுருக்கமும் அவனுக்குத் தெரியும்.

வருத்தம் வந்தது மகள் ஹேஜினால். கல்யாண மண்டபத்தில் இரண்டு அம்மாக்களும் கைகோத்து மேடைக்கு நடந்துபோய் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். ஊரே பார்க்கும், புகைப்படக்காரர் கையைத்தான் கிட்டத்தில் வைத்து எடுப்பார். மாப்பிள்ளையின் அம்மா மருந்துக்கடைக்காரர் மனைவி, அவள் கை அவித்த முட்டை போல இருக்கும். ஹேஜின் கோபமாகச் சொல்லவில்லை. சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே, "அம்மா, அன்னிக்கு மட்டும் வெள்ளைக் கையுறை போட்டுக்கிறியா?" என்று கேட்டாள். மான்சிக் சாப்பிடுவதை நிறுத்தினான். ஜொம்ரே மறுநாள் விடியும்போதே குளியல் கூடத்துக்குப் போய்விட்டாள்.

போங்ஜாவிடம் தேய்த்துக்கொள்ளப் படுப்பதற்கு முன் சுடுதண்ணீரில் உடம்பை ஊறவைப்பது வழக்கம். முந்தின தடவை அரைகுறையாக ஊறிவிட்டு வந்தவளைப் போங்ஜா திட்டி அனுப்பியிருந்தாள். "ஊறாத தோல எடுத்துக்கிட்டு வந்து அழுக்குப் போகலைன்னா, நான் என்னடி, மரத்த இழைக்கிறவளா?" அதனால் இந்த முறை ஜொம்ரே நாள் முழுக்க, சாப்பிடக்கூட எழுந்திரிக்காமல், தோள் வரைக்கும் கைகளை மூழ்கவைத்து உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு நேரம் யாரும் ஊறக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்து யாரும் அவளிடம் சொல்லவில்லை. போங்ஜா பச்சைச் சொரசொரப்புத் துணியைத் தோளில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். அடியில் இருபது வயதுப் பெண்ணின் கை இருந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. மெழுகுவர்த்தி ஏற்றிய இரண்டு கைகளில் எது மருந்துக்கடைக்காரர் மனைவியுடையது என்று ஜனங்கள் குழம்பினார்கள். ஜொம்ரே அந்த மூன்று நாளும் கல்யாண வேலையைச் சாக்காக வைத்து, மான்சிக் பக்கம் போகாமல் இருந்தாள். சடங்கு முடிந்து அவனை எழுப்பி நடத்திப்போகக் கையைக் கொடுத்தபோது அவன் அதைப் பிடித்தான், மணிக்கட்டு வரை தடவினான், விட்டுவிட்டான். "மன்னிச்சிக்கங்க அம்மா, ஆள் மாறிப் பிடிச்சிட்டேன். ஹேஜின் அம்மாவ வரச் சொல்லுங்க," என்றான். நான்தான் என்று அவள் சொன்னதற்கு, குரல் ஒத்துப்போகிறது, அவளுக்குச் சொந்தமாக இருக்கும், ஆனால் கை வேறு என்றான். மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கும் வரை அவன் நாற்காலியை விட்டு எழவில்லை.

ஹேஜின் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். தன் விரல் பொய் சொல்கிறதென்று ஒத்துக்கொண்டால் இத்தனை வருஷம் தான் தொட்ட முதுகெல்லாம் யாருடையது என்று அவன் திருப்பிக் கேட்டான். பிறகு, "சரிம்மா. தோல் உரிஞ்சிச்சுங்கிற. உரிஞ்சதக் கொண்டா பாப்போம்," என்றான். போங்ஜா அதைத் தூக்கி எறிந்திருக்கவில்லை, மடித்து வைத்திருந்தாள். மான்சிக் அதை மடியில் விரித்து, விரல் விரலாகத் தொட்டு, கத்தி கிழித்த பழைய தழும்பு வரைக்கும் வந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "எங்க போயிட்ட நீ," என்று கேட்டான். ஜொம்ரே பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பதில் சொல்ல வாயெடுத்தவள், அவன் தன்னைக் கேட்கவில்லை என்பதைக் கண்டுகொண்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மனைவி என்பது அந்தத் தோல்தான். சாப்பாட்டு மேஜையில் அதற்கு ஒரு கிண்ணம் வைக்கச் சொன்னான். ராத்திரி தன் பக்கத்தில் போட்டுக்கொண்டான். ஜொம்ரேயை வேலைக்கு வந்த அம்மா என்று வைத்துக்கொண்டு, 'நீங்க' என்று மரியாதையாகப் பேசினான், அவள் முன்னால் சட்டை மாற்றக் கூச்சப்பட்டான், நல்ல மனுஷிக்குக் கூலி குறைத்துக் கொடுக்காதே என்று மகளிடம் சொல்லிவைத்தான். ஜொம்ரே சமையலறையை ஒட்டிய அறையில் படுத்தாள். ஊரில் முதலில் பேசினார்கள், பிறகு மீன் விலையைப் பேசப் போய்விட்டார்கள். பூசான் நகரத்திலிருந்து கூடப் பெண்கள் வந்து போங்ஜாவின் தொட்டியில் நாள் முழுக்க ஊறினார்கள். யாருக்கும் கழலவில்லை, இரண்டு பேருக்கு மயக்கம் வந்தது.

ஜொம்ரேக்கு ஒரே வழி தெரிந்தது. கைகளை மறுபடி கெடுக்க வேண்டும், பழைய கை திரும்பினால் பழைய புருஷன் திரும்புவான். கையுறை இல்லாமல் கொட்டகைக்குப் போனாள். "மோதிரம் போடுற கைய வச்சுக்கிட்டு இங்க என்னடி வேலை, போய்ப் பியானோ வாசி," என்று மற்ற பெண்கள் சிரித்தார்கள். உறைகிற குளிர்த் தண்ணீரில் வெறுங்கையை விட்டாள். கோடையில் நெத்திலி காயும் முற்றத்தில் வெயிலுக்குக் கைகளை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மற்ற வீடுகளில் களிம்பு வாங்கிய வருஷங்களெல்லாம் அவள் வீட்டில் காரச் சோப்பு வாங்கினார்கள். புதுத் தோல் பிடிவாதமாக இருந்தது. வெடிக்கும், ஆறும், மறுபடி பளபளக்கும். பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று அது தளர. முதலில் விரல் முட்டியில், பிறகு புறங்கையில், கடைசியில் முழங்கைக்குக் கீழே சுருக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிய ஆரம்பித்தன.

அத்தனை வருஷமும் மான்சிக், வேலை முடிந்து வந்த கையோடு, தோலை எடுத்து வைத்துக் கமீலியாப் பூ விதை எண்ணெய் விட்டுத் தேய்த்தான். அவன் விரலுக்குத் தெரியாத வித்தை கிடையாது. மடிப்பு மடிப்பாகப் பிடித்து நீவினான். தோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டியானது, மினுமினுத்தது, தழும்பு கூட மறைந்தது.

நுரையீரல் போய் அவன் படுக்கையில் விழுந்த குளிர்காலத்தில் ஜொம்ரே தன் கை தயாராகிவிட்டது என்று முடிவு செய்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் அவன் கையில் வைத்தாள். அவன் பிடித்தான். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, அவசரமில்லாமல், ஒரு மடிப்பையும் விடாமல் தடவினான். அவன் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள்.

"என் பொண்டாட்டி கை முன்னெல்லாம் அச்சு அசலா இப்படித்தான் இருந்துச்சும்மா," என்றான். "நான் தேய்ச்சுத் தேய்ச்சு சரி பண்ணிட்டேன். உங்களுக்குத் தேய்ச்சு விட யாரும் இல்லியா?"

இல்லை என்றாள்.

அவன் எண்ணெய்க் கிண்ணத்தைத் துழாவி எடுத்து, ஒரு சொட்டு விட்டு, அவள் மணிக்கட்டை நீவத் தொடங்கினான். பாதியில் பெருவிரல் நின்றது. இரண்டு நாள் கழித்து இறந்துபோனான்.

சவத்துக்குத் துணி சுற்ற வந்தவர் கையைக் கட்டும்போது தயங்கினார். மான்சிக்கின் நெஞ்சின்மேல் ஒரு ஜோடி இளம்பெண்ணின் கைகள், வெறும் தோலாக, அவன் விரல்களில் கோத்துக் கிடந்தன. எடுக்கவா, வைக்கவா என்று அவர் ஹேஜினைப் பார்த்தார். ஹேஜின் அம்மாவைப் பார்த்தாள்.

"அது கிடக்கட்டும்," என்றாள் ஜொம்ரே. "அவர் பொண்டாட்டிதானே, கூடப் போகட்டும்."

அவர் சரி என்று சேர்த்தே கட்டினார். துக்கம் கேட்க வந்தவர்களுக்குச் சூடாகச் சூப் பரிமாற ஆள் குறைவாக இருந்தது. ஜொம்ரே எழுந்துபோய்ப் பரிமாறினாள்.