மணல் ஒத்தடம்

2024 டிசம்பர் 9, திங்கட்கிழமை. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில், நெம்மேலிக் குப்பத்தைச் சேர்ந்த மாரியின் இடது கணுக்காலில் நாடித்துடிப்பு கிடைக்கவில்லை.

மாரிக்கு வயது ஐம்பத்து நான்கு. மைத்துனன் கிஷோரின் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். ஒரு வருஷமாக, வீட்டிலிருந்து படகு நிற்கும் இடத்துக்கு நடக்கும்போது பாதி வழியில் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நின்றால் விட்டுவிடும். நடந்தால் மறுபடி பிடிக்கும். நரம்பு இழுப்பு என்று எண்ணெய் தேய்த்துவந்தார். சர்க்கரை இருந்தது, பீடியும் இருந்தது. கட்டைவிரலில் வந்த சின்னப் புண் ஆறாமல் போகவே மனைவி வச்சலா அவரைப் பஸ் ஏற்றிக் கூட்டிவந்திருந்தார்.

டாக்டர் சுஜாதா ஒரு சிறிய கருவியை வலது காலில் வைத்தார். புஸ் புஸ்ஸென்று சத்தம் வந்தது. இடது காலில் வைத்தார். சத்தம் இல்லை.

“இது நரம்பு இல்லங்க, ரத்தக்குழாய். உள்ள கொழுப்பு படிஞ்சு அடைச்சிருக்கு. நெஞ்சுல அடைச்சா மாரடைப்பு, மூளையில அடைச்சா பக்கவாதம். உங்களுக்குக் கால்ல. வியாதி ஒண்ணுதான்.”

“கடலுக்குப் போவலாமா மேடம்?”

“மொதல்ல காலு இருக்கட்டும். பத்தொம்பதாம் தேதி வந்து சேருங்க, குழாய பலூன் வச்சு விரிச்சுப் பாக்கலாம். பீடி இன்னையோட சரி.”

வச்சலா மருந்து வாங்க வரிசையில் நின்றபோது டாக்டர் மாரியிடம் இன்னொன்றும் சொன்னார். “சர்க்கரையால பாதத்துல உணர்ச்சி போயிடுச்சு. சுட்டாலும் தெரியாது. சூடு படாம பாத்துக்குங்க.”

மாரி தலையாட்டினார். காலுக்குச் சூடு என்றால் அவருக்கு ஒன்றுதான், மத்தியான வேளைக் கடற்கரை மணல். மாமல்லபுரத்தில் பஸ் மாறும்போது ஒரு ஜோடி செருப்பு வாங்கினார்.

மறுநாள் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த கிஷோர் அவர் காலைப் பார்த்தார்.

“இன்னா மாமா, செருப்பு மாட்டிகினு வர்ற? ஆபீஸுக்கா?”

“டாக்டரம்மா சொல்லிச்சு. கால்ல சூடு படக்கூடாதாம்.”

“அப்ப ஒரு கொடையும் வாங்கிக்கினு வந்துருக்கலாம்.”

“போடா டேய்.”

“சரி, கால பாத்துக்கோ. ஒன் எடத்துல நான் ஆளு போடல. பொங்கல் முடிஞ்சி வந்து ஏறு.”

மாரி பீடியை விட்டார். மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. செருப்பில்லாமல் வாசலுக்குக்கூட இறங்கவில்லை.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. அவருடைய இடது பாதம் ஐஸ் பெட்டியில் கிடந்தது போலச் சில்லிட்டு, விரல்கள் நீலம் பூத்தன. வச்சலா வாணலியில் மணலை வறுத்துப் பழைய வேட்டித் துணியில் முடிந்து பாதத்துக்கு ஒத்தடம் கொடுத்தார். இடுப்புப் பிடிப்புக்கும் முதுகு வலிக்கும் அந்தக் குப்பத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். அது வைத்தியம். டாக்டர் சொன்ன சூட்டில் இதுவும் சேரும் என்று மாரிக்குத் தோன்றவில்லை.

“சூடு தாங்குதா?”

“எங்க கீது சூடு? இன்னும் வறு.”

“எனக்குக் கை பொசுங்குதுய்யா.”

“நீ வெயில்ல மீன் விக்கிறவ, ஒனக்கு இதுவே பொசுங்குதா? வைம்மே.”

வச்சலா இன்னொரு முறை வறுத்தார். முடிச்சைப் புடவை முந்தானையால் பிடித்துக்கொண்டு உள்ளங்காலிலும் குதிகாலிலும் அழுத்தி அழுத்தி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, வச்சலாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “இப்பத்தான் இதமா கீது” என்றார் மாரி.

காலையில் உள்ளங்கால் தோல் கொப்பளித்து எழும்பியிருந்தது. குதிகாலில் உரிந்திருந்தது.

“ஏந்திரி, இன்னிக்கே செங்கல்பட்டு போலாம்” என்றார் வச்சலா.

“வலியே இல்ல. நாலு நாள்ல எப்படியும் போவத்தான போறோம்.”

பத்தொன்பதாம் தேதி போனார்கள். அதற்குள் குதிகால் கறுத்து வாடை வந்துவிட்டது. காய்ச்சலும் இருந்தது.

காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் பார்த்த டாக்டர், “சூடு படக்கூடாதுன்னு சொன்னேனே” என்றார்.

“மணல்ல கால் வெக்கவே இல்ல மேடம். செருப்போடதான் இருந்தேன்.”

“இன்னா சூடு?” என்று வச்சலா கேட்டார். “எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

வச்சலா தன் கையைப் பார்த்தார். விரல் நுனிகளில் தோல் காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. ஒத்தடம் கொடுத்ததைப் பற்றி டாக்டரிடம் அவர்தான் சொன்னார்.

மறுநாள் பலூன் வைத்தார்கள். ரத்தம் கணுக்கால்வரை வந்தது. அதற்குக் கீழே சதை செத்துவிட்டிருந்தது, சீழ் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 23 அன்று மாரியின் இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. வலது காலிலும் அடைப்பு தொடங்கியிருந்ததால் அதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.