கடைக்குக் கடை நின்றவர்

மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் அவர் மறுபடியும் நின்றுவிட்டார். போன தெருவில் வளையல் கடை, இப்போது பாத்திரக் கடை. கண்ணாடிக்குள் அடுக்கியிருந்த குக்கர்களை, வாங்கப் போகிறவர் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, தனிக்குடித்தனம் போகப் போறீங்களா? சொல்லிட்டுப் போங்க" என்றாள் மனைவி.

அவர் சிரித்துக்கொண்டே கெண்டைக்காலை மற்ற காலால் தேய்த்துக்கொண்டார். நடந்தால் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். காலமெல்லாம் பஸ் ஓட்டிய கால், பிரேக் மிதித்தே தேய்ந்துவிட்டது என்று அவராகவே ஒரு காரணம் வைத்திருந்தார். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு சிகரெட் பற்றவைப்பார். நிற்பதற்கு அதுவும் ஒரு சாக்கு.

பிறகு பெருவிரலைச் செருப்பு கடித்தது. மிளகளவு புண். களிம்பு போட்டுப் போட்டு டப்பாதான் தீர்ந்தது. காலில் முடி உதிர்ந்து தோல் பளபளத்தது. "வயசாக வயசாகக் குழந்தைக் கால் ஆயிட்டு வருது" என்று கேலி செய்தாள். படுத்தால் வலிக்கிறதென்று நாற்காலியில் காலைத் தொங்கவிட்டே தூங்க ஆரம்பித்தார். விரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

ரத்தக்குழாய் டாக்டர் சின்ன வயதுப் பெண். அவர்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"நடந்தா வலி, நின்னா சரியாகுதுன்னு எப்பலேருந்து இருக்கு?"

அவர் மனைவியைப் பார்த்தார். "ரெண்டு வருஷம் இருக்கும்" என்றாள் அவள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"அப்பவே ரத்தக்குழாய் அடைக்க ஆரம்பிச்சிருக்கும்மா. இப்போ அடைப்ப எடுத்தாலும் பாதத்துல ரத்தம் போறதுக்குக் குழாய் இல்ல. முட்டிக்குக் கீழ எடுத்தாத்தான் உயிர் தங்கும்."

எடுத்தார்கள். நினைவு தெளிந்ததும் அவர் மெதுவாகச் சொன்னார்: "அந்த விரல் இன்னும் வலிக்குது. இல்லாத விரலுக்கு எங்க மருந்து போடுவ?"

அவள் குனிந்து அவர் தலையைக் கோதிவிட்டாள்.

மறுநாள் டாக்டர் வந்து கட்டைப் பார்த்தாள். பிறகு மற்ற காலின் கணுக்காலில் நாடி பார்க்க விரலை அழுத்தினாள். இடம் மாற்றி மாற்றி, வெகுநேரம் அழுத்தினாள். ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

அவர் கண்ணயர்ந்ததும் மனைவி போர்வைக்குள் கைவிட்டு, டாக்டர் தொட்ட அதே இடத்தில் விரலை வைத்தாள். சில்லென்றிருந்தது.

"என்ன தேடுற?" என்றார் அவர், கண் திறக்காமல்.

"ஒண்ணுமில்ல. போர்வை விலகியிருக்கு."

இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். விரலடியில் ஏதோ மெல்லத் துடித்தது. அவர் கால்தான் துடிக்கிறதா, தன் விரல் நுனியா என்று புரியவில்லை. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.