ஜன்னல் பக்கம்

மகள் வீட்டருகே குடிபோக தென்ரி ஒருவழியாகச் சம்மதித்தாள். இந்தோனேசியாவின் பூகிஸ் மக்கள் வழக்கப்படி ஊர் ஆண்கள் பலர் சேர்ந்து, அவளுடைய மரவீட்டை, அது நிற்கும் தூண்கால்களோடு தோளில் தூக்கிக்கொண்டு போய் இறக்கினார்கள். பார்த்தால் சமையலறை ஜன்னல் ரோட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. காலம்சென்ற புருஷன் எருமை கட்டி உழுததை அந்த ஜன்னல் வழியாகத்தான் அவள் வருஷக்கணக்கில் பார்த்திருந்தாள்.

“பாச்சோ, வீட்டைத் திருப்பி வைங்கப்பா. வயல் தெரியல” என்றாள், தூக்கிவந்தவர்களில் ஒருவனிடம்.

“தோள் கழண்டுபோச்சுக்கா. அங்க இப்ப உம்மருமகன்தானே உழறான், அவனப் போயி என்னத்தப் பாக்கப்போற?”

“திருப்பலன்னா யாருக்கும் பாயசம் கிடையாது.”

முனகிக்கொண்டே மறுபடி தூக்கித் திருப்பினார்கள். தென்ரி ஏறிப்போய் ஜன்னலைத் திறந்தாள். தூரத்து வயலில் மருமகன் உழுதுகொண்டிருந்தான்.

“வரப்போரமா விட்டுட்டுப் போறியே, கண்ணு எங்க இருக்கு?” என்று, முன்பு புருஷனை அதட்டிய அதே குரலில் கத்தினாள். அவன் திரும்பி வந்து வரப்போரம் உழுதான்.