சரியான விகிதத்தில் சூரியக் குடும்பம்

தன் பெருமையை எடுத்துச் சொல்லத் தகுந்த ஒரு வாயைப் பிரபஞ்சம் ஆயிரத்து முந்நூறு கோடி ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தது. கடைசியில் கோளரங்க இயக்குநரைக் கண்டடைந்தது. அவருக்கோ அடுத்த மாதம் பணி ஓய்வு.

பதவி நீட்டிப்பு, ஆய்வுக் குழுத் தலைவியின் கையில் இருந்தது. அந்த அம்மாளை அசத்துவதற்காக, சூரியக் குடும்பத்தைப் பருமன், தூரம் இரண்டிலும் சரியான விகிதத்தில் வைக்கப்போவதாக இயக்குநர் ஊரைக் கூட்டி அறிவித்தார். அறிவித்த பிறகுதான் கூடத்தை அளந்தார். முப்பது மீட்டர்.

நெப்டியூனைக் கழிவறை வாசல்வரை தள்ளியும் சூரியன் சின்னக் கோலிக்குண்டாகிப் போனது. வியாழன் ஒரு கசகசா. பூமி, சூரியனிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, பூதக்கண்ணாடிக்கு அடியில் ஒரு தூசி. பட்டறை வைத்திருந்த மச்சினன் அதை ஊசி முனையில் எடுத்துக் கறுப்புத் துணியில் வைத்தான். பயப்படாதே, அறிவியல் நம் பக்கம் என்று இயக்குநர் அவனுக்குத் தைரியம் சொன்னார். அவன் பயப்படவே இல்லை.

குழு வந்தது. இயக்குநர் வெளுத்து வாங்கினார். வாயுவும் தூசியும் கலந்த மேகம் தன் ஈர்ப்பாலேயே சுருங்கிச் சுழன்றதையும், நடுவில் சூடேறிச் சூரியன் பற்றிக்கொண்டதையும் கூடவே நின்று பார்த்தவர்போல விவரித்தார். நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் சூரியனே சுருட்டிக்கொண்டதாம்; மிச்சம்மீதிதான் கோள்களாம். சொல்லிவிட்டு, உருக்கம் தாங்காமல் பூமியின்மேல் குனிந்து பெருமூச்சு விட்டார்.

மச்சினன் காதோரம் வந்தான்.

"மாமா, பூமியைக் காணோம்."

"நல்லாப் பாருடா."

"பாத்துட்டேன். ஊதித் தள்ளிட்டீங்க."

தலைவி அதற்குள் வெள்ளியைத் தாண்டியிருந்தார். இயக்குநர் அசரவில்லை. யோசனை வந்தால் தலையைச் சொறிவது அவர் வழக்கம். குனிந்தபடியே பரபரவென்று சொறிந்தார். பூதக்கண்ணாடிக்குள் பார்த்தார். நிமிர்ந்தார்.

"வாங்க மேடம். இதான் நம்ம பூமி."

தலைவி ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இயக்குநரின் நாற்காலி அந்தக் கண்ணாடிக்கு அடியில் ஊசலாடிக்கொண்டிருந்தது.

"துருவப் பனிகூடத் தெரியுதே," என்றார்.

"அதுக்குத்தான் மேடம் ரொம்ப மெனக்கெட்டோம்."

மச்சினன் இருமிக்கொண்டே வெளியே போய்விட்டான்.

நீட்டிப்பு ஆணை அந்த வாரமே வந்தது. பூமியை யாரும் தொடக் கூடாதென்று பலகை வைத்தார்கள். கண்ணாடிக்கு அடியில் இன்றும் இருப்பது இயக்குநரின் பொடுகு.