சதுர அடைப்பு

அந்த அலுவலகத்தில் காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதற்குப் போட்டியிட்டதோ ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இருவர். மூத்தவளுக்கு அந்த நாற்காலி கிடைக்காவிட்டால் மறுபடியும் அடுப்படிதான். இத்தனை வருடம் வெந்தது போதும் என்றிருந்தது. இளையவள் கெட்டிக்காரி. அதை அவளும் மறக்கமாட்டாள், மற்றவரையும் மறக்கவிடமாட்டாள். மூத்தவளுக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்ததே அவள்தான். அந்த நன்றியை மூத்தவள் தலைமேல் தூக்கிவைத்திருந்தாள், பைத்தியக்காரி.

தேர்வு ஒன்றும் பெரிதில்லை. ஒரு வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எல்லாம் 'ஆள்' என்ற ஆப்ஜெக்டில், அதாவது ஒரு விவரத் தொகுப்பில், இருக்கும். திரையில் எதைத் தட்டுகிறோமோ அதன் பெயர் 'எது' என்ற மாறியில் வந்து உட்காரும். அதைக் கொண்டு விவரத்தை எடுத்துக்காட்ட வேண்டும். மூத்தவள் 'ஆள்' போட்டு, புள்ளி வைத்து, 'எது' என்று எழுதினாள். புள்ளி வைத்தால் கம்ப்யூட்டர் 'எது' என்ற பெயரிலேயே ஒரு விவரத்தைத் தேடும். மாறிக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. அதற்குப் புள்ளியை விட்டுவிட்டு 'எது'வைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும். மேலாளர் முன்னால்தான் முதல்முறை ஓட்டிப் பார்க்கலாம் என்பது அங்கே விதி.

"இது சரியான்னு பாரேன்."

இளையவள் குனிந்தாள். அந்த வரியில் அவள் கண் நின்றதை மூத்தவளும் பார்த்தாள்.

"சரியாத்தான் இருக்குக்கா. கை வைக்காதீங்க."

மேலாளர் பெயரைத் தட்டினார். 'அன்டிஃபைன்ட்' என்று வந்தது, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று. முகவரியைத் தட்டினார். அதற்கும் அதே பதில்.

"இந்த ஆளுக்குப் பேரும் இல்ல, வீடும் இல்லையாம்மா?"

அறையே சிரித்தது. அடுத்து இளையவளுடையது தங்குதடையில்லாமல் ஓடியது. அவள் வைத்திருந்தது சதுர அடைப்பு.

வீட்டுக்கு நடக்கும்போது மூத்தவள் கேட்டாள்: "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

இளையவள் மழுப்பவில்லை. "நான் வேலைக்குப் போனா எம்புள்ளைய நீங்க பாத்துக்குவீங்க. உங்களுக்கென்ன, புள்ளையா குட்டியா? எதுக்குக்கா வேலை?"

இதைவிட அவள் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

கதவைத் திறந்ததும் குழந்தை "பெரிம்மா" என்று ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. பெற்றவளை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூத்தவள் குனிந்து அந்தப் பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, தன் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.