பெட்ஷீட் அக்கா சொன்ன யோசனை

கல்லூரி திறந்த முதல் நாள், பேருந்தில் வைத்தே மகள் நிபந்தனையைச் சொல்லிவிட்டாள். வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டால் நீ யாரோ, நான் யாரோ. அம்மாவும் பெண்ணும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள் என்று தெரிந்தால் தன் மானம் கப்பலேறிவிடும். தாய் சரியென்று தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்? ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டி முதுகு ஒடிந்தவள் அவள். ஸ்டோர் பொறுப்பாளராக வேண்டுமென்றால் கணக்குப் பதிவில் ஒரு சான்றிதழ் கேட்டார்கள். மகளுக்கோ பரீட்சையில் மதிப்பெண் காலை வாரிவிட்டது. இரண்டு பேர் கைக்கும் எட்டிய கட்டணம் இந்தக் கல்லூரியில்தான். இடம் மிச்சமிருந்ததும் இந்த ஒரு படிப்பில்தான்.

கீழே டயர் கடை, மேலே கல்லூரி. பாடம் மண்டையில் ஏறுகிறதோ இல்லையோ, ரப்பர் வாசனை தவறாமல் ஏறும். அந்த வகுப்பைப் பார்த்தால் யார் ஆசிரியர், யார் மாணவர், யார் பஸ்ஸுக்குக் காத்திருக்க வந்தவர் என்று ஆண்டவனே வந்தாலும் சொல்ல முடியாது. இரவுக் காவல் முடித்து யூனிஃபார்மோடு வந்து, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வாட்ச்மேன். மடி மடியாக மாறும் கைக்குழந்தையோடு ஒரு பெண். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் மனைவியின் தொல்லை தாங்காமல் படிக்க வந்ததாகச் சொல்லும் டிரைவர் அண்ணன். வேறு தேசத்திலிருந்து வந்து, நம் பேச்சை இன்னும் தட்டுத் தடுமாறிப் பேசும் ஒரு இளைஞன். அவனுக்காக ஆசிரியர் எல்லாவற்றையும் இரண்டு தரம் சொல்வார். அந்தப் புண்ணியத்தில் மற்றவர்களுக்கும் புரிந்தது.

பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அங்கே எடுபடவில்லை. தாயின் வேலையைக் கேட்டுவிட்டு அவளைப் பெட்ஷீட் அக்கா ஆக்கிவிட்டார்கள். மகளுக்கு வைத்த பெயரைக் கேட்டதும் தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயாடி. வீட்டில் 'ம்', 'இல்ல', 'பசிக்கல' என்ற மூன்றைத் தவிர வாயைத் திறக்காத பெண், இங்கே வாட்ச்மேனைக் கேலி செய்து எழுப்பினாள், டிரைவர் அண்ணனிடம் வம்புக்கு நின்றாள், வகுப்பே சிரித்தது. இத்தனை பேச்சையும் இவள் வீட்டில் எங்கே ஒளித்து வைத்திருந்தாள்? இதைவிடப் பெரிய கூத்து, எல்லோரையும் போல அவளும் தாயை 'அக்கா' என்றே கூப்பிட்டாள். கூச்சமே இல்லாமல், 'வாங்க, உட்காருங்க' என்று மரியாதையோடு. முதல் தடவை தாய்க்கு எரிச்சலாக வந்தது. போகப் போக அது பிடித்துப்போனது. பிடித்துப்போனதை நினைத்து மறுபடி எரிச்சல் வந்தது. தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

பெட்ஷீட் அக்காவுக்கு வகுப்பில் நல்ல பெயர். குழந்தைக்காரிக்கும் மாமியாருக்கும் சண்டை என்றால் பஞ்சாயத்து அவளிடம்தான் வரும். நிதானமாகக் கேட்பாள், நியாயமாகச் சொல்வாள். வீட்டில் அவள் அப்படி இல்லை என்பது அவளுக்கே தெரியும். வீட்டில் அவள் எடுத்ததற்கெல்லாம் கத்துகிறவள்.

ஒரு நாள் ஆசிரியர் ஆளுக்கு ஒரு ஜோடி சேர்த்து, சரக்கு இருப்புக் கணக்குப் போடச் சொன்னார். விதி விளையாடியதோ ஆசிரியர் விளையாடினாரோ, பெட்ஷீட் அக்காவுக்கு வாயாடி ஜோடியானாள். கேன்டீனில் மூலை மேசையில் போய் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார்கள். பிறகு மகள் பேனாவை மூடிவிட்டு, பக்கத்து மேசை காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எங்க அம்மாகிட்ட ஒரு விஷயம் சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

தாய் நிமிர்ந்து பார்த்தாள். இவள் விளையாடுகிறாளா, நிஜமாகவே பேசுகிறாளா? முகத்தைப் பார்த்தால் விளையாட்டாகத் தெரியவில்லை. சொல்லு என்றாள், அக்காவின் குரலில்.

விஷயம் இதுதான். மகளின் அப்பா அவளிடம் பேசிக்கொண்டிருக்கிறார். அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோது வீட்டை விட்டுப் போய், இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு வேறு நகரத்தில் குடும்பம் நடத்துகிற அதே அப்பா. அங்கே பெரிய கல்லூரி ஒன்றில் இவளுக்கு இடம் கேட்டு வைத்திருக்கிறார். வீட்டில் தனி அறையும் இருக்கிறதாம். அங்கே போய்ப் படிக்க வேண்டும் என்று மகளுக்கு ஆசை.

தாய்க்கு மேசை, நாற்காலி, கேன்டீன் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றியது. அந்த மனிதனின் பெயரைக்கூட வீட்டில் எடுக்க விடமாட்டாள் அவள். எழுந்து கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்று கை துடித்தது. ஆனால் அக்கா எப்படி அடிப்பாள்? எந்த உரிமையில்? அதோடு, எத்தனையோ காலத்துக்குப் பிறகு இந்தப் பெண் அவள் கண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

"அந்த வீட்டுல இருக்கற அம்மா உன்னை நல்லா பாத்துக்குவாங்களா?"

"நல்லாத்தான் பேசுறாங்கக்கா. அது இல்ல பிரச்சினை. எங்கம்மா தாங்க மாட்டாங்க. நான் போயிட்டா அவங்களுக்கு யாரு இருக்கா?"

"உங்கம்மா என்ன பச்சைக் குழந்தையா? வேலைக்குப் போறாங்க, படிக்கிறாங்க..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமாக்கா. நல்லாப் படிக்கிறாங்க."

அப்புறம் பெட்ஷீட் அக்கா தன் யோசனையைச் சொன்னாள். நல்ல படிப்பு கிடைக்கும்போது விடக் கூடாது. போய்ப் படி. ஆனால் திருட்டுத்தனமாகப் போகாதே. அம்மாவிடம் நீயே பயப்படாமல் சொல்லு, கோபப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும். சொல்லி முடித்தபோது, இதைப் பேசியது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. மகள் நன்றி சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தாள். கணக்கை இருவரும் தப்புத் தப்பாகப் போட்டு, வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண் வாங்கினார்கள்.

அன்றைக்கும் மறுநாளும் வீட்டில் மகள் வாயைத் திறக்கவில்லை. தாயும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பாள்? அம்மாவுக்குத்தான் விஷயமே தெரியாதே. மகள் சொல்லும்போது அக்காவைப் போல நிதானமாக இருந்துவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள். சில சமயம், சொல்லாமலே விட்டுவிட மாட்டாளா என்றும் ஏங்கினாள்.

விடுமுறை நாளில், காய்ந்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தபோது மகள் எதிரே வந்து நின்றாள். கேன்டீனில் சொன்னதையே சொன்னாள். அம்மாவிடம் சொல்வதால் குரல் நடுங்கியது.

ஒத்திகையெல்லாம் காற்றில் பறந்தது. புதிதாகக் கேட்பது போலத் தாய்க்கு நெஞ்சு பதறியது. நடிப்பா என்றால் நடிப்பில்லை. அவள் கத்தினாள், பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்படுகிற அளவுக்குக் கத்தினாள். விட்டுப் போனவனுக்கு இப்போது எங்கிருந்து வந்தது பாசம் என்றாள். நன்றி கெட்டவள் என்றாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"யாருடி உனக்கு இந்தப் புத்தியைச் சொல்லிக் குடுத்தது?"

"காலேஜ்ல ஒரு அக்கா இருக்காங்க. அவங்கதான் போய்ப் படின்னாங்க. பயப்படாம அம்மாகிட்ட சொல்லுன்னும் சொன்னாங்க."

தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. சத்தியமாக அந்த அக்கா மீதுதான். வீட்டுக்குள் நுழைந்து குடியைக் கெடுத்தவளைப் போல அவளை வெறுத்தாள்.

"ஊருக்கெல்லாம் யோசனை சொல்றவளுக்கு என்ன தெரியும்? உனக்குக் காய்ச்சல் வந்தப்ப அவளா தூக்கிட்டு ஓடுனா? பெத்து வளர்த்திருந்தா அந்த வார்த்தை வாயில வந்திருக்குமா அவளுக்கு?"

"அவங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கும்மா," என்றாள் மகள். "அந்தப் பொண்ணைத்தான் போகச் சொன்னாங்க."

மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அறையில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், தான் அவர்களில் யார் என்று தாய்க்குத் தெரியவில்லை. மகள் மெல்லக் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"அவங்க மனசாரத்தான் சொன்னாங்களாம்மா?"

தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மனசாரச் சொல்லலடி," என்றாள். "ஆனா சரியாத்தான் சொன்னா."